அத்தியாயம் 7: பிரிட்ஜ் ஓடுகிறது, ஆனால் குளிரவில்லை

பிரிட்ஜ் குளிரவில்லை என்று சொல்லி வாய் மூடுவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து தீர்ப்பு வந்துவிடும்: "காஸ் முடிஞ்சிருக்கும்." பிரிட்ஜுக்குள் இருக்கும் காஸ் எரிந்தோ தேய்ந்தோ தீருகிற பொருள் அல்ல. முற்றாக அடைத்து ஒட்டிய குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. குழாயில் எங்கேனும் ஓட்டை விழாதவரை இருபது வருடமானாலும் குறையாது. குளிராத பிரிட்ஜின் கோளாறு பல வேளைகளில் காஸுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் இருக்கும். தூசி, கதவு ரப்பர், வோல்டேஜ், கட்டிப்போன பனி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவை எல்லாவற்றையும் வீட்டுக்காரரே பார்த்துவிடலாம்.

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் இருப்பவர்களுக்கு இது கூடுதலாகப் பயன்படும். திருத்துபவர் பெரும்பாலும் திருகோணமலை நகரத்திலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ கந்தளாயிலிருந்தோ வரவேண்டும். அவர் வந்து, பின்புறத் தூசியைத் தட்டிவிட்டுப் போனாலும் கூலி கூலிதான். ஆகவே இந்த அத்தியாயம் செலவில்லாத சோதனையில் தொடங்கிச் செலவு வைக்கும் கோளாறில் முடிகிறது. அதே ஒழுங்கில் பாருங்கள்; நடுவில் தாண்டிப் போகாதீர்கள்.

இரண்டே கேள்விகள்

பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெக்கையை எடுத்து வெளியே தள்ளுகிறது. உட்பக்கக் குழாய்த் தகட்டில் திரவமாக இருக்கும் காஸ் ஆவியாகும்போது, சுற்றியுள்ள வெக்கையை உறிஞ்சிக்கொள்கிறது. அடியில் உள்ள கொம்பிரசர் அந்த ஆவியை இழுத்து அழுத்துகிறது. அழுத்தத்தில் சூடேறிய ஆவி, வெளிப்பக்கக் குழாய்களான கண்டென்சரில் வெக்கையை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. அங்கிருந்து மயிரிழைத் துளை கொண்ட ஒரு மெல்லிய குழாய் வழியாக உள்ளே திரும்புகிறது.

ஒழுகும் வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிற வேலை இது. வள்ளத்தில் தண்ணீர் ஏறினால் கேட்கவேண்டியவை இரண்டு: உள்ளே வருவது கூடியதா, இறைப்பது குறைந்ததா? பிரிட்ஜிலும் கேள்வி அதுவே. கதவு வழியாகவும் சூடான சட்டி வழியாகவும் வெக்கை அதிகம் புகுகிறதா? அல்லது புகுந்த வெக்கை வெளியேற வழியில்லையா? கீழே வரும் ஒவ்வொரு சோதனையும் இந்த இரண்டில் ஒன்றுக்குப் பதில்.

முதலில் அளவு

கையை உள்ளே விட்டுப் பார்த்துக் குளிர் போதாது என்று முடிவுகட்டக் கூடாது. பிரிட்ஜ் வெப்பமானி ஒன்றை வாங்கி, தண்ணீர் நிரப்பிய தம்ளருக்குள் போட்டு, நடுத்தட்டில் ஓர் இரவு வையுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் வாசியுங்கள். 5 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் பிரிட்ஜ் நலம். பிரீசருக்கு இலக்கு கழித்தல் 18 பாகை. அங்கே வெப்பமானியை உறைந்த பொட்டலங்களுக்கு நடுவே செருகவேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அது உடம்புச் சூட்டின் எல்லைக்குள் மட்டுமே காட்டும்.

திருகுக் குமிழில் உள்ள எண்களையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். வழக்கமான பிரிட்ஜ்களில் எண் கூடினால் குளிர் கூடும். வெயில் காலத்தில் 1இல் வைத்துவிட்டுக் குளிரவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. எண்ணை மாற்றினால் ஒரு நாள் முழுதாகப் பொறுத்திருந்து மறுபடி அளந்து பாருங்கள்.

கரண்ட்

உள் லைட் எரிகிறது, ஆகவே கரண்டில் குறையில்லை என்பது தவறான கணக்கு. லைட் குறைந்த வோல்டேஜிலும் எரியும். கொம்பிரசர் அப்படிக் கிளம்பாது. நம் நாட்டின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 6 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம், அதாவது 216 முதல் 244 வரை. ஊரின் கடைசி மின்கம்பத்துக்கு அப்பால், வயற்கரையில் இருக்கும் வீடுகளில் மாலை ஆறரை மணிக்கும் இரவு பத்தரை மணிக்கும் இடையே இது இறங்கக்கூடும். எல்லா வீட்டிலும் லைட்டும் விசிறியும் ரைஸ் குக்கரும் ஒன்றாக ஓடும் நேரம் அது.

அடையாளம் தெளிவானது. பிரிட்ஜின் பின்புறம் காதை வையுங்கள். சில விநாடி "உம்ம்" என்று முனகி, "டிக்" என்ற சத்தத்தோடு அடங்கும். சில நிமிடம் கழித்து மறுபடி அதே முனகல், அதே "டிக்". கொம்பிரசர் கிளம்ப முயன்று முடியாமல், சூடேறி, பாதுகாப்புச் சுவிட்ச் அதை நிறுத்துகிறது. இது இரவில் மட்டும் நடந்து விடியற்காலையில் சரியாகிவிட்டால் குற்றம் வோல்டேஜில். மின்சார அலுவலகத்தில் முறையிடுங்கள். ஸ்டெபிலைசர் வாங்குவதானால், கரண்ட் திரும்பியபின் சில நிமிடம் தாமதித்துக் கொடுக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். இன்வேர்ட்டர் பிரிட்ஜ் என்றால் ஸ்டெபிலைசர் தேவையா என்று அதன் கையேட்டில் பார்த்த பிறகே காசைச் செலவழியுங்கள்.

கரண்ட் போய் உடனே வந்தால் பிளக்கைக் கழற்றி ஐந்து நிமிடம் பொறுங்கள். குழாய்களுக்குள் அழுத்தம் சமப்படுமுன் கொம்பிரசரைக் கிளப்பினால் அது திணறும்.

பழைய உருண்டைப் பின் சொக்கட்டும் புதிய 13 அம்பியர் பிளக்கும் ஒரே வீட்டில் இருப்பதால் நடுவே அடாப்டர் போடுவது வழக்கமாகிவிட்டது. பிரிட்ஜுக்கு அடாப்டரும் வேண்டாம், நீட்டிப்பு வயரும் வேண்டாம். பிளக் தொடும்போது சுட்டாலோ சொக்கட்டில் பழுப்புக் கறை தெரிந்தாலோ சொக்கட்டை மாற்றுங்கள். பிரிட்ஜைச் செருகியதும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்றால் உள்ளே எங்கோ கசிவு இருக்கிறது. அந்த நிலையில் எர்த் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. பிளக்கைக் கழற்றிவிட்டுத் திருத்துபவரை அழையுங்கள்.

பின்புறத்துக் குப்பை

இனி வரும் எந்த வேலைக்கும் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். காலில் செருப்பும், ஈரமில்லாத கையும் வேண்டும்.

கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே இருக்கிற ஊர் தம்பலகாமம். பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடையும் ஓகஸ்ட், செப்டெம்பரில் சிறுபோக அறுவடையும் நடக்கும்போது பதரும் உமித்தூளும் வைக்கோல் தும்பும் வீட்டுக்குள் வந்து படியும். போதாததற்குச் சிறுபோகக் காலத்தில் கச்சான் காற்று அடிக்கும். இந்தத் தூசி கண்டென்சர் கம்பிகளுக்கு இடையே சமையற்கட்டு எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அடையாகப் பிடித்துக்கொள்ளும். வெக்கை வெளியேற வேண்டிய இடமே மூடிப்போய்விடுகிறது. கொம்பிரசர் ஓயாமல் ஓடும், மின் சிட்டை ஏறும், உள்ளே குளிர் குறையும்.

கண்டென்சர் எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஒற்றைக் கதவு வகைகளில் பின்புறம் கறுப்புக் கம்பி வலையாகத் தெரியும். பெயின்ற் பிரஷ் ஒன்றால் மேலிருந்து கீழாகத் துலக்கினால் போதும். சிலவற்றில் அடியில் இருக்கும். கீழ்த்தட்டைக் கழற்றி, நீண்ட பிரஷால் எடுக்கவேண்டும். புதிய வகைகள் பலவற்றில் வெளியே எதுவும் தெரியாது. பக்கச் சுவர்த் தகட்டுக்குள்ளேயே குழாய் ஓடும். ஓடும்போது பக்கச் சுவர் சுடுவது இவற்றுக்கு இயல்பு, கோளாறு அல்ல. பிரிட்ஜுக்கு மேலே பூப்போட்ட பிளாஸ்டிக் உறை போர்த்திப் பக்கங்களில் தொங்கவிடுவதுதான் இவற்றுக்குக் கெடுதல். உறையை எடுத்துவிடுங்கள்.

சுவருக்கும் பிரிட்ஜுக்கும் பின்னால் 4 அங்குலம், பக்கங்களில் 2 அங்குலம் இடைவெளி விடுங்கள். கையேட்டில் கூடுதலாகச் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலோ மேற்கு வெயில் விழும் யன்னலருகிலோ வைக்காதீர்கள். பிரிட்ஜின் உட்சுவரிலோ பின்புறத்திலோ ஒட்டியுள்ள விவரத் துண்டில் காலநிலை வகுப்பு என்று ஆங்கில எழுத்து இருக்கும். என் என்றால் 32 பாகை வரை, எஸ்டி என்றால் 38 பாகை வரை, டி என்றால் 43 பாகை வரையான சூழலுக்கு வடிவமைத்தது. திருகோணமலைப் பக்கத்தில் வெளிவெயிலே 35 பாகையைத் தொடும் நாள்கள் சாதாரணம். தகரக் கூரை போட்ட குசினி அதைவிடச் சுடும். அங்கே என் வகுப்புப் பிரிட்ஜ் மத்தியானத்தில் திணறினால் அது பழுதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இடத்தை மாற்றிப் பாருங்கள். புதிது வாங்கும்போது டி எழுத்தைத் தேடி வாங்குங்கள்.

கதவு

இருபது ரூபாத் தாள் ஒன்றை எடுங்கள். கதவு ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவே பாதி வெளியே தெரியும்படி வைத்துக் கதவைச் சாத்துங்கள். இப்போது மெல்ல இழுங்கள். ரப்பர் பிடித்துக்கொண்டு, தாள் தயங்கித் தயங்கி வந்தால் நல்லது. சளக்கென்று வந்துவிட்டால் அந்த இடத்தில் காற்றுப் புகுகிறது. நாலு மூலையிலும், முக்கியமாகக் கீல் உள்ள பக்கத்திலும் கீழ் விளிம்பிலும் இப்படிப் பாருங்கள்.

தளர்ந்த ரப்பரை உடனே மாற்றவேண்டியதில்லை. மடிப்புகளுக்குள் கறுப்புப் பூஞ்சணமும் சீனிப் பிசுக்கும் இருந்தால் காந்தம் ஒட்டாது. சவர்க்காரம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து மடிப்பு மடிப்பாகத் துடையுங்கள். நசுங்கிப்போன இடத்தில் சுடுதண்ணீரில் பிழிந்த துணியைச் சில நிமிடம் வைத்தால் ரப்பர் இளகிப் பழைய வடிவத்துக்கு வரும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். மொடல் இலக்கத்தைக் கொடுத்து வாங்குங்கள்.

முன் கால்களைத் திருகி, பிரிட்ஜின் முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்று உயரும்படி வைத்தால் பாதி திறந்த கதவு தானாகவே சாத்திக்கொள்ளும். உள் லைட் கதவைச் சாத்திய பின்பும் எரிகிறதா என்பதையும் பாருங்கள். கைத்தொலைபேசியில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடி எடுத்தால் தெரிந்துவிடும். அணையாத பழைய வகைப் பல்ப் உள்ளே ஒரு சிறு அடுப்பு.

உள்ளே அடுக்கியது

எருமைத் தயிர் இந்தப் பக்கத்து வீடுகளில் சட்டியோடுதான் உள்ளே போகும். மண்சட்டி ஈரத்தை வெளியே விடும்; திறந்த தயிரும் விடும். அந்த ஈரம் அத்தனையும் உட்பக்கத் தகட்டில் பனியாகப் படியும். தயிர்ச் சட்டியை மூடி, பொலித்தீனால் சுற்றி வையுங்கள். கறியும் சோறும் ஆவி அடங்கியதும் வையுங்கள். ஆனால் ஆறட்டும் என்று இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். பெரிய சட்டியில் உள்ளதைச் சின்னப் பாத்திரங்களுக்குப் பிரித்தால் சீக்கிரம் ஆறும்.

தம்பலகாமக் குடாவின் இறாலோ கிண்ணியாச் சந்தை மீனோ மலிந்த நாளில் பத்துப் பைகளை ஒரேயடியாகப் பிரீசருக்குள் திணிப்பதும் வழக்கம். இரண்டு கதவு வகைகளில் குளிர்காற்று பிரீசரின் பின்சுவரில் உள்ள துளைகள் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. பைகள் அந்தத் துளையை அடைத்தால் மேலே மீன் உறையும், கீழே பால் திரியும். பின்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி அடுக்குங்கள்.

பனி: ஒற்றைக் கதவும் இரட்டைக் கதவும்

ஒற்றைக் கதவுப் பிரிட்ஜில் பனியை நாம்தான் கரைக்கவேண்டும். பிரீசர் சுவரில் பனி அரை சென்ரிமீற்றர் தடித்தாலே குளிர் தடைப்படத் தொடங்கும். திருகுக் குமிழின் நடுவில் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். இல்லையென்றால் பிளக்கைக் கழற்றிக் கதவைத் திறந்து விடுங்கள். அவசரமானால் சுடுதண்ணீர்ப் பாத்திரம் ஒன்றை உள்ளே வைக்கலாம். கத்தியும் ஸ்குரூ டிரைவரும் கிட்டவே வரக்கூடாது. அந்தச் சுவர் மெல்லிய அலுமினியம். அதற்குள்தான் காஸ் ஓடுகிறது. ஒரு குத்தில் "ஸ்ஸ்" என்று காஸ் வெளியேறினால் பனி கரைக்கப் போய்ப் பிரிட்ஜையே இழந்ததாகிவிடும்.

இரட்டைக் கதவு வகையில் பனி பின்தட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும். அதைக் கரைக்க உள்ளேயே ஒரு ஹீட்டரும் டைமரும் அல்லது சென்சரும் உண்டு. அவற்றில் ஒன்று கெட்டால் பனி மதிலாகக் கட்டி, விசிறியின் காற்றை மறிக்கும். "பிரீசரில் குளிர் இருக்கு, கீழே இல்லை" என்ற முறைப்பாட்டின் முதற்காரணமாக இதைச் சந்தேகியுங்கள். பிரீசர் கதவைத் திறந்து, கதவுச் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்தால் விசிறிச் சத்தம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் விசிறி கெட்டிருக்கலாம், பனியில் சிக்கியிருக்கலாம்.

இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று உண்டு. சாமானை எல்லாம் எடுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றி, இரண்டு கதவையும் திறந்து ஒரு பகல் ஓர் இரவு விடுங்கள். கீழே பழைய துவாய்களை விரியுங்கள். பிறகு ஓடவிட்டுப் பாருங்கள். நன்றாகக் குளிர்ந்து, சில நாளிலோ சில வாரத்திலோ மறுபடி அதே கதை என்றால் காஸ் சரி, கொம்பிரசர் சரி. பனி கரைக்கும் பகுதிதான் பழுது. இதைச் சொல்லித் திருத்துபவரை அழைத்தால் வேலையும் செலவும் பாதியாகும்.

மரக்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் பின்சுவரின் வடிகால் துளை அடைத்திருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, வளையும் நைலோன் நூலால் குத்தி விடுங்கள்.

கொம்பிரசரும் காஸும்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் குளிராவிட்டால், அரை மணித்தியாலம் ஓடவிட்டுக் கண்டென்சரையோ பக்கச் சுவரையோ தொட்டுப் பாருங்கள். கொம்பிரசரைத் தொடவேண்டாம், அது கையைச் சுடும்.

சத்தமே இல்லை, எதுவும் சூடாகவில்லை என்றால் கோளாறு தெர்மோஸ்டாட், கொம்பிரசரைக் கிளப்பும் ரிலே, வயர் அல்லது மின்பலகையில். வயல்வெளி வீடுகளில் எலி கடித்த வயரும், ரிலேக்குள் புகுந்து செத்த பல்லியும் அரிதல்ல. முனகலும் "டிக்"கும் நல்ல வோல்டேஜிலும் தொடர்ந்தால் ரிலே, அல்லது கொம்பிரசரே. ரிலே சின்னச் செலவு, கொம்பிரசர் பெரிய செலவு. முதலில் ரிலேயை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொம்பிரசர் ஓயாமல் ஓடுகிறது, ஆனால் கண்டென்சர் இளஞ்சூடுகூட இல்லை, உள்ளே பனியும் ஒரு மூலையில் மட்டும் படிகிறது என்றால், இப்போது காஸைச் சந்தேகிக்கலாம். குழாய் ஒட்டுகளில் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் சந்தேகம் உறுதியாகும். குடாப் பக்கத்து உப்புக்காற்று ஒட்டுகளை அரிக்கும். பலவீனமான கொம்பிரசரும் ஏறக்குறைய இதே அடையாளத்தைக் காட்டும். பிரித்துச் சொல்ல மீற்றர் வேண்டும். இன்வேர்ட்டர் வகை மெல்லிய சத்தத்தோடு நெடுநேரம் ஓடுவது மட்டும் குறையல்ல.

திருத்துபவரிடம் கேட்கவேண்டியவை

வந்தவர் உடனே சிலிண்டரை எடுத்தால் தயங்காமல் கேளுங்கள்: "தம்பி, காஸ் குறைஞ்சா லீக் இருக்கத்தானே வேணும்? எங்க எண்டு காட்டிப்போட்டு அடியுங்கோ." வேலை தெரிந்தவர் இதற்குக் கோபிக்கமாட்டார். ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டி, நைதரசன் அடித்துச் சோதித்து, வடிகட்டியைப் புதிதாக மாற்றி, வெற்றிடப் பம்பால் காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுத்து, அதன்பின் விவரத் துண்டில் உள்ள கிராம் அளவுப்படி நிறுத்துக் காஸ் நிரப்புவதுதான் முறை. ஓட்டையை விட்டுவிட்டு மேலால் நிரப்பினால் சில மாதத்தில் மறுபடி கூலி.

எந்தக் காஸ் என்பதும் முக்கியம். 1987இன் மொன்றியல் உடன்படிக்கைக்குப் பின் ஓசோனைத் தின்னும் ஆர்-12 வழக்கொழிந்தது. அதன் இடத்துக்கு ஆர்-134ஏ வந்தது. புதிய பிரிட்ஜ்களில் ஆர்-600ஏ. ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றும். வீட்டுப் பிரிட்ஜில் சில பத்துக் கிராம்தான் இருக்கும்; என்றாலும் வேலை நடக்கும்போது யன்னல்களைத் திறந்து, அடுப்பை அணைத்து வையுங்கள். ஒன்றுக்குப் பதில் மற்றதை நிரப்ப விடாதீர்கள். கொம்பிரசரின் எண்ணெய் முதல் குழாயின் அளவு வரை எல்லாம் வேறு. குளிரூட்டல் துறையில் என்விகியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற்றவரா என்று கேட்பதில் தவறில்லை. மாற்றிய உதிரிப்பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள், பற்றுச்சீட்டும் உத்தரவாதக் காலமும் எழுத்தில் வாங்குங்கள்.

ஓட்டை சுவர் நுரைக்குள் ஓடும் குழாயில் என்றால் திருத்துவது பெரும்பாலும் வீண். கொம்பிரசரும் பழையது என்றால் அந்தக் காசைப் புதிய பிரிட்ஜுக்கு ஒதுக்குங்கள்.

அதுவரை சாப்பாடும் மருந்தும்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடு முழுதும் இருண்டது. பிரிட்ஜ் பழுதானாலும் கரண்ட் போனாலும் விதி ஒன்றுதான். கதவைத் திறக்காவிட்டால் கீழ்ப்பகுதி ஏறத்தாழ 4 மணித்தியாலம் தாங்கும். நிரம்பிய பிரீசர் 48 மணித்தியாலம், பாதி நிரம்பியது 24 மணித்தியாலம் தாங்கும். மீன், இறைச்சி, பால், சமைத்த சோறு 5 பாகைக்கு மேல் இரண்டு மணித்தியாலத்துக்குக் கூடுதலாக இருந்துவிட்டால் மணந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். நோய்க்கிருமி எல்லாவேளையும் நாறுவதில்லை.

திறக்காத இன்சுலின் குப்பிகளுக்கு 2 முதல் 8 பாகை வேண்டும், உறையவிடக் கூடாது. பிரிட்ஜ் நின்றால் குப்பியைப் பொலித்தீன் பையில் கட்டி, ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். ஐஸ்கட்டியோடு நேரே ஒட்டவைக்காதீர்கள். நீண்டநேரம் வெளியே இருந்த குப்பியைப் பாவிக்குமுன் மருந்தாளரிடம் கேளுங்கள்.

போகத்துக்குப் போகம்

தனியாக நாள் குறிக்கத் தேவையில்லை. ஒவ்வோர் அறுவடையும் முடிந்த வாரத்தில் கண்டென்சரைத் துலக்குங்கள். அதே நாளில் ரூபாத்தாள் சோதனையும் வடிகால் துளையும். கச்சான் தொடங்குமுன் குமிழை ஓர் எண் கூட்டுங்கள். ஒக்டோபர் மழைக்கு முன், தாழ்ந்த வளவு என்றால் பிரிட்ஜை அசையாத உயர மேடையில் ஏற்றுங்கள். வெள்ளம் கொம்பிரசர் வரை ஏறிய பிரிட்ஜை, வெளியே காய்ந்துவிட்டது என்று நம்பிச் செருகாதீர்கள். ரிலேயையும் வயர்களையும் ஒருவர் திறந்து பார்த்த பின்பே கரண்ட் கொடுங்கள்.